ஒத்த மூணாம் நம்பர் அயர்ன், ஈர மணல்: செவே பாலஸ்டெரோஸ் கத்துக்கிட்ட வழி நம்ம ராம்நாடு கடற்கரைக்கு ஒத்து வருமா?

#1 – வடகடல்

ஒரே ஒரு மூணாம் நம்பர் அயர்ன (இரும்புத் தலை வச்ச கோல்ஃப் கம்பு) வச்சு கடற்கரையில கோல்ஃப் கத்துக்கிட்டு அஞ்சு மேஜர் (கோல்ஃப்ல ஆகப் பெரிய போட்டி) ஜெயிச்சவர் செவேன்னு எல்லாரும் சொல்றாங்க. கோர்ஸ்னா கொடைக்கானல் மலையில இருக்கு, சென்னையில இருக்கு. நம்ம பக்கம் இருக்கிறது மணல்தான். மண்டபம், தேவிபட்டினம் பக்கத்துல 10–12 வயசுப் பசங்க ஆறேழு பேருக்குப் பழைய அயர்ன் ரெண்டு மூணு கிடைச்சிருக்கு. செவே பாணியில பழக்கினா தேறுமா, இல்ல அது மேடையில சொல்றதுக்கான கதை மட்டும்தானா? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. "ஆர்வம் இருந்தா போதும்" ரக பதில் வேண்டாம், புண்ணியமாப் போகும்.

#2 – சுக்கான்பாறை

முதலில் ஆளைப் பற்றி. செவேரியானோ பாலஸ்டெரோஸ், 1957 ஏப்ரல் 9 அன்று ஸ்பெயினின் வடகரையில், சாண்டாண்டர் விரிகுடாவை ஒட்டிய பெத்ரேன்யாவில் பிறந்தார். (ஸ்பானியர்கள் 'பயெஸ்தெரோஸ்' என்பார்கள். நமக்கு டிவியில் கேட்ட பெயரே இருக்கட்டும்.) விவசாயக் குடும்பம். ஊரிலேயே வசதிக்காரர்களுக்கான கோல்ஃப் கிளப் ஒன்று இருந்தது. ஊர்ப் பையன்கள் அங்கே பை தூக்கலாம், ஆடக் கூடாது. மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள்: நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாக உள்ளே போவது, இல்லாவிட்டால் கடற்கரை. இரண்டையும் செய்தார்.

1974 மார்ச்சில், 17 வயது நிரம்பும் முன்பே தொழில்முறை ஆட்டக்காரர். 1976 பிரிட்டிஷ் ஓப்பன், ராயல் பிர்க்டேல்: மூன்று நாள் முடிவில் இரண்டு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலை. கடைசி நாள் ஜானி மில்லர் தாண்டிப் போய்விட்டார். 19 வயதுப் பையன் ஜாக் நிக்லாஸோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். கடைசிக் குழியில் எதிரே இரண்டு பங்கர் (மணல் பள்ளம்). யாராக இருந்தாலும் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் கம்பு) எடுத்து மேலே தூக்கிப் போடுவார்கள். இவர் இரண்டுக்கும் நடுவே இருந்த ஒற்றையடி அகலத் தரையில் பந்தை உருட்டி விட்டார். அது குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கேள்விக்கு விடையே அந்த ஒரு அடியில் இருக்கிறது. லாஃப்ட் (பந்தைத் தூக்கும் முகச் சாய்வு) அதிகம் இல்லாத கம்போடு வளர்ந்தவனுக்கு முதலில் தரைவழிதான் கண்ணில் படும்.

பிறகு 1979, 1984, 1988 பிரிட்டிஷ் ஓப்பன். 1980, 1983 மாஸ்டர்ஸ். மாஸ்டர்ஸ் வென்ற முதல் ஐரோப்பியர் அவர்தான். ஐரோப்பிய டூரில் (தொழில்முறைப் போட்டித் தொடர்) 50 பட்டம், இன்னும் யாரும் எட்டாத எண்ணிக்கை.

#3 – ஒத்தக்கம்பு

ஒரு சின்னத் திருத்தம் அண்ணே. முழு மூணாம் நம்பர் அயர்ன் கைக்கு வந்தது அப்புறம்தான், அது அண்ணன் மனுவேல் கொடுத்தது. அதுக்கு முன்னாடி கிடைச்சது துருப்பிடிச்ச தலை மட்டும். கம்பு வெட்டி அந்த ஓட்டையில செருகி, ராத்திரி தண்ணியில ஊறப் போடுவார். மரம் ஊதி இறுகிக்கும். மம்பட்டிக் காம்பு ஆடினா தண்ணித் தொட்டியில போட்டு வைக்கிறோமே, அதே வேலை. பந்துக்குப் பதிலா கூழாங்கல்.

வடகடல், இதைப் பார்த்துட்டு பசங்க கம்பு செருக ஆரம்பிச்சா தடுத்துடுங்க. அயர்ன் தலையோட கழுத்து ஓட்டை சுமார் 9 மி.மீ.தான். அவ்வளவு ஒல்லிக் கம்பு, முனையில கால் கிலோ இரும்பு. வெயில்ல காய்ஞ்சதும் மரம் சுருங்கும், தலை கழண்டு பறக்கும். முன்னாடி நிக்கிறவன் கதி என்ன? உங்ககிட்ட இருக்கிறது பெரியவங்க அளவு அயர்ன்னா, மூணாம் நம்பர் 39 அங்குலத்துக்குப் பக்கத்துல இருக்கும். 10 வயசுப் பையனுக்கு அது தொரட்டிக் கம்பு மாதிரி. கைப்பிடியைக் கழட்டி, பிடிக்கிற பக்கத்துல இருந்து 12 செ.மீ. வரைக்கும் ஆக்ஸா பிளேடால அறுங்க. தலைப்பக்கம் கை வைக்கவே கூடாது.

அறுத்ததும் ரெண்டு விஷயம் மாறும். ஷாஃப்ட் (தண்டு) விறைப்பாகும், தலை பாரம் குறைஞ்ச மாதிரி தெரியும். இன்னொண்ணு, ஸ்டீல் ஷாஃப்ட் கீழே போகப் போக மெலியும். அதனால அறுத்த இடம் ஒல்லியா இருக்கும், பழைய கிரிப் லொடலொடன்னு சுத்தும். மாஸ்கிங் டேப் ரெண்டு மூணு சுத்து சுத்தி, அதுக்கு மேல டபுள் சைடு டேப் ஒட்டி, கிரிப்புக்குள்ள கொஞ்சம் பெயிண்ட் தின்னர் விட்டுக் குலுக்கி ஊத்திட்டு, ஒரே தள்ளுல மாட்டணும். பாதியில நிறுத்தினா ஒட்டிக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். மாட்டினதும் ஒரு நாள் தொடாம வைங்க.

#4 – கச்சான்காத்து

எல்லாரும் "கடற்கரை, கடற்கரை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. பெத்ரேன்யா கடற்கரையும் நம்ம கடற்கரையும் ஒண்ணு கிடையாது.

சாண்டாண்டர் விரிகுடாவுல கடல்மட்டம் ஏறி இறங்குற உயர வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசை சமயத்துல 4 மீட்டரைத் தாண்டும். வத்தம் ஆனா (கடல் உள்வாங்கினா) மைதானம் மைதானமா ஈர மணல் வெளியில வரும். ஈரம் இறுகின மணல் ஃபேர்வே (கோர்ஸ்ல வெட்டிவிட்ட புல்தரை) மாதிரி. பந்து மேலே உட்காரும், ஓடும், திரும்ப அடிக்கலாம். அவர் ஆடினது அந்தத் தரையில.

நம்ம பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால அலை தொட்டுப் போற இறுகின பட்டை சில மீட்டர் அகலம்தான், அதுவும் கடலைப் பார்த்துச் சரிவு. அதுக்கு மேலே பொத பொதன்னு காய்ஞ்ச மணல். மூணாம் நம்பர் அயர்னோட அடிப்பாகம் ஒல்லி, பவுன்ஸ் (புதையாம வழுக்க வைக்கிற அடிப்புடைப்பு) கிட்டத்தட்ட இல்லை. காய்ஞ்ச மணல்ல அடிச்சா மண்வெட்டி மாதிரி புதையும், பந்து நகராது, பையன் மணிக்கட்டு நோகும். "செவே மணல்ல ஆடினார்"னு கேட்டுட்டு உலர்ந்த மணல்ல நிக்க வைக்கிறதுதான் நடக்கிற முதல் தப்பு.

பெண்கடல் பக்கம், அதாவது பாக் நீரிணை இருக்கிற வடகரையில, அலை குறைவு. மணல் நைசா, இறுக்கமா இருக்கும் இடங்கள் அங்கேதான் அதிகம். கால் வச்சா குதிகால் அடையாளம் அரை விரல் ஆழத்துக்கு மேல போகலைன்னா அந்த இடம் ஆகும். கணுக்கால் புதைஞ்சா நடையைக் கட்டுங்க.

#5 – மட்டையடி

எல்லாம் சரி. ஆனா கதையில பாதியை விட்டுடுறீங்க. அவரோட தாய்மாமன் ரமோன் சோத்தா 1965 மாஸ்டர்ஸ்ல ஆறாவது வந்தவர். அண்ணன்மார் பால்தோமெரோ, மனுவேல், விசென்டே மூணு பேரும் தொழில்முறை ஆட்டக்காரங்க. வீட்டைச் சுத்தி நல்ல ஸ்விங்கைப் பார்த்து வளர்ந்த பையன். சுக்கான்பாறை சொன்னாரே ஊர் கிளப், அங்க பை தூக்குறது அரைப் பயிற்சி: எந்தக் கம்பு எவ்வளவு தூரம், கிரீன் (குழி இருக்கிற புல்தரை) எங்கே சரியுது, எல்லாம் காசு வாங்கிட்டுப் படிக்கிற படிப்பு. மணலும் அயர்னும் மட்டும் சாம்பியனை உண்டாக்கும்னா சாண்டாண்டர்ல தெருவுக்கு ஒரு செவே இருக்கணும்.

#6 – சுக்கான்பாறை

மட்டையடி சொல்வது நியாயம்தான். ஆனால் அண்ணன்மாரும் அதே ஸ்விங்கைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே? மேஜர் வென்றது இவர் ஒருவர். குடும்பம் கொடுத்தது அடிப்படை. ஒற்றைக் கம்பு கொடுத்தது வேறு ஒன்று: ஒரே கருவியால் உயரம், தாழ்வு, வளைவு, உருட்டல் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம். 14 கம்பு வைத்திருப்பவன் தூரத்துக்கு ஏற்ப கம்பை மாற்றுவான். ஒரு கம்பு வைத்திருப்பவன் கையை மாற்ற வேண்டும்.

இந்தியாவிலேயே கிட்டத்தட்ட இதே வழி உண்டு. எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். மகன் 2016, 2017 இந்தியன் ஓப்பன் இரண்டையும் வென்றார். தூரம் அதிகம் அடிக்க மாட்டார். சிப் (கிரீன் அருகே சின்ன அடி), பட் (கிரீனில் உருட்டல்) இரண்டாலும் பிழைத்ததால் 'சிப்புட்சியா' என்றே பட்டப்பெயர். 1991ல் இந்தியன் ஓப்பனை முதலில் வென்ற இந்தியர் அலி ஷேர், டெல்லி கோர்ஸில் கேடியாக (பை தூக்குபவராக) இருந்தவர். இவர்களுக்குக் கடற்கரை இல்லை. கோர்ஸின் ஓரம் இருந்தது. ஆகவே மட்டையடிக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

#7 – வடகடல்

ரொம்ப நன்றி. சரி, அந்தக் "கையை மாத்துறது" எப்படி? மூணாம் நம்பர் அயர்ன்ல 20, 30 மீட்டர் தூக்கிப் போடுறதுன்னா நம்பவே முடியலையே.

#8 – ஒத்தக்கம்பு

முடியும். பங்கருக்குள்ள நின்னு மூணாம் நம்பர் அயர்ன்ல பந்தை எடுத்து கிரீன்ல போடுறது செவே பல இடத்துல செஞ்சு காட்டினது.

அந்தக் காலத்து மூணாம் நம்பரோட லாஃப்ட் 24 டிகிரிக்குப் பக்கம். சாண்ட் வெட்ஜ் 55, 56. இந்த இடைவெளியை கம்போட முகத்தைத் திறந்துதான் நிரப்பணும். முதல்ல முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, அப்புறம்தான் பிடிக்கணும். பசங்க பிடிச்சுட்டு மணிக்கட்டைத் திருப்புவாங்க. அடிக்கும்போது அது தானா பழைய இடத்துக்கு வந்துடும், பந்து விர்ருன்னு தரையோட போகும். முக்காவாசிப் பேர் இந்த இடத்துலயே தோத்துடுறாங்க.

முகம் திறந்தா பந்து வலப்பக்கம் போகப் பார்க்கும், அதனால உடம்பை இடப்பக்கம் திருப்பி நில்லுங்க. கால் அகலம், முழங்கால் நல்லா மடங்கணும், கை தாழணும். கை தாழ்ந்தாத்தான் திறந்த முகம் நிஜமாவே மேல பார்க்கும். பந்து இடது குதிகாலுக்கு நேரே. கை பந்துக்கு முன்னாடி போகவே கூடாது, நேரே இல்லைன்னா ஒரு விரல் பின்னாடி. அப்படி வச்சாத்தான் அயர்னோட பின்விளிம்பு தரையைத் தொட்டு வழுக்கும். கை முன்னாடி போச்சுன்னா முன்விளிம்பு குத்தும், புதையும்.

ஈர மணல்ல பந்துக்கு 2 செ.மீ. பின்னாடி தொட்டா போதும். கொஞ்சம் பொதபொதப்பு இருந்தா 4, 5 செ.மீ. ஸ்விங் பெருசா, மெதுவா, நிறுத்தாம போகணும். பாதியில பயந்து நிறுத்தினா பந்து காலடியிலேயே கிடக்கும்.

மொட்டை அடி வருதா, அதாவது பந்து நடுவுல பட்டு சீறுதா? உடம்பு மேல எழும்புதுன்னு அர்த்தம். ஷாங்க் ஆகி (அயர்னோட கழுத்துல பட்டு) வலப்பக்கம் சாய்ஞ்சு ஓடுதா? பந்துக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறான், ஒரு சாண் பின்னாடி போகச் சொல்லுங்க.

#9 – கச்சான்காத்து

இதோட மறுபக்கம்: ஈர மணல்ல பந்தை மட்டும் சுத்தமாப் பொறுக்கி அடிக்கிற பழக்கம். 1983 ரைடர் கப் (ஐரோப்பா–அமெரிக்கா அணிப் போட்டி), ஃபிளோரிடா, அமெரிக்க ஆட்டக்காரர் ஃபஸ்ஸி ஸோலரோட ஆட்டம், கடைசிக் குழி. ஃபேர்வே பங்கர்ல பந்து, எதிரே மணல் உதடு, கிரீனுக்கு ஏறக்குறைய 240 கெஜம். மூணாம் நம்பர் வுட் (தூர அடிக்கான பெரிய தலைக் கம்பு) எடுத்து கிரீன் ஓரத்துக்கு அனுப்பினார், ஆட்டம் சமன். 15 டிகிரிக்குப் பக்கத்துல லாஃப்ட் உள்ள கம்பு அது. பந்துக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் மணல் இடையில வந்திருந்தாலும் உதட்டுல மோதி காலடிக்கு வந்திருக்கும். சின்ன வயசுல இறுகின மணல்ல ஆயிரக்கணக்குல அடிச்சவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

பசங்களுக்குச் சோதனை: குச்சியால ஈர மணல்ல ஒரு கோடு போட்டு, கோட்டு மேல பந்து. அடிச்சப்புறம் கீறல் கோட்டுக்கு முன்னாடி, அதாவது குறி இருக்கிற பக்கம், தொடங்கியிருக்கணும். பின்னாடி தொடங்கினா அடி தப்பு. மணலே கணக்கு எழுதி வச்சிடும், கோச்சு கத்த வேண்டியதில்லை.

#10 – மட்டையடி

செவேயை "கார் பார்க் சாம்பியன்"னு சொல்வாங்களே, அந்த விஷயத்தையும் பேசிடுவோம். 1979 பிரிட்டிஷ் ஓப்பன், ராயல் லிதம் கோர்ஸ், 16வது குழி. ட்ரைவ் (முதல் அடி) வலப்பக்கம் தற்காலிக கார் நிறுத்தத்துக்குள்ள போய் விழுந்துச்சு. இலவச டிராப் (தண்டனை இல்லாம பந்தை எடுத்து வேற இடத்துல போடுறது), வெட்ஜ், பர்டி (குழிக்கு வச்ச கணக்கைவிட ஒரு அடி கம்மி). நிக்லாஸையும் கிரென்ஷாவையும் 3 ஸ்ட்ரோக்ல முந்தினார். இதை ஷாட் மேக்கிங்னு சொல்றவங்களும் உண்டு. அதிர்ஷ்டம்னு சொல்ல யாருக்கும் வாய் வர மாட்டேங்குது.

#11 – சுக்கான்பாறை

வலப்பக்கம் அடித்தது திட்டம் என்று அவர் தரப்பு சொன்னதுண்டு: கூட்டம் மிதித்த தரை, அங்கிருந்து கிரீன் காற்றுக்கு எதிரே வரும், பந்து நிற்கும். எவ்வளவு திட்டம், எவ்வளவு சமாளிப்பு என்பது அவரவர் விருப்பம். ஆனால் அந்த வாரம் முழுக்க ஃபேர்வேயைத் தவறவிட்டவர் மற்ற 71 குழிகளிலும் அதிர்ஷ்டத்தால் தப்பினார் என்றால் கணக்கு இடிக்கிறது.

உண்மையான பலவீனம் ட்ரைவர்தான் (முதல் அடிக்கான நீளக் கம்பு). கடற்கரை அதைச் சொல்லித் தரவில்லை. 1986 மாஸ்டர்ஸ் 15வது குழியில் முன்னிலையில் இருந்துகொண்டு நாலாம் நம்பர் அயர்னைத் தண்ணீருக்குள் அடித்தார். நிக்லாஸ் 46 வயதில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு பிளே ஆஃபில் முதல் குழியிலேயே மூன்று பட். 1988 லிதமில் கடைசி நாள் 65 அடித்து நிக் பிரைஸை வென்றதுதான் கடைசி மேஜர். ஐரோப்பிய டூரில் 1976 முதல் 1992 வரை 17 ஆண்டுகள் ஒரு வருடம்கூடத் தவறாமல் வென்றவருக்கு, 1995 ஸ்பானிஷ் ஓப்பனுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இளமையிலேயே தொடங்கிய முதுகுவலி, அதற்காக மாற்றிக்கொண்டே இருந்த ஸ்விங். அந்தத் தலைமுறையின் பாணி அது: அடித்து முடிக்கும்போது இடுப்பு முன்னே தள்ளி, மேலுடம்பு பின்னே வில்லாய் வளையும். கீழ் முதுகெலும்புக்கு அது நஞ்சு. பையன்களை நெஞ்சு நிமிர்ந்து, இடது காலில் நேராக நின்று முடிக்கப் பழக்குங்கள்.

1997ல் வால்டெர்ராமாவில் ரைடர் கப் கேப்டனாக ஜெயித்தது, சக ஸ்பானியர் ஒலாஸாபலோடு ஜோடியாக 15 ஆட்டத்தில் 11 வெற்றி – அதெல்லாம் தனி இழைக்கு உரியது. 2007ல் ஓய்வு. 2008ல் மூளைக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. 2011 மே 7, பெத்ரேன்யா வீட்டில் மறைந்தார். வயது 54.

#12 – வடகடல்

மனசு கனத்துப் போச்சு. சரி, காத்து? ஆனி, ஆடியில இங்க நிக்கவே முடியாதே.

#13 – கச்சான்காத்து

கச்சான் அடிக்கிற மாசத்துல (வைகாசி தொட்டு புரட்டாசி வரை) வடகரைக்குப் போங்க, வாடை அடிக்கிறப்ப தென்கரைக்கு. மீன்பிடிக்காரங்க செய்யுறதுதான். ஆனா ஒண்ணு கவனிக்கணும்: கச்சான் தென்மேற்குல இருந்து வருது. மண்டபம் வடகரையில மேற்கே பார்த்து அடிச்சாலும் கிழக்கே பார்த்து அடிச்சாலும் பந்து கடல் பக்கமே சாயும். ரெண்டு திசையிலயும் குறியை நிலத்துப் பக்கம் தள்ளி வைக்கணும்.

எதிர்காத்துக்கு, மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஒரு சதவீதம் தூரம் குறையும்னு கோச்சுங்க தோராயமா சொல்வாங்க. பின்காத்து கொடுக்கிறது அதுல பாதிதான். 15 மைல் எதிர்காத்துல 100 மீட்டர் அடி 85 ஆகும். பலமா அடிச்சா சுழற்சி கூடி பந்து இன்னும் மேல ஏறும், காத்து தூக்கிட்டுப் போகும். பந்தைக் கொஞ்சம் வலது காலுக்கு நகர்த்தி, கம்பைக் குட்டையாப் பிடிச்சு, முக்கால் ஸ்விங். மூணாம் நம்பர் அயர்ன் இதுக்குன்னே பிறந்தது.

#14 – ஒத்தக்கம்பு

பந்து கடலுக்குள்ள போகவே கூடாது, இதைப் பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. மிதக்கும், அலை கொண்டு வந்துடும்னு நினைப்பாங்க. வராது. 42.67 மி.மீ. விட்டம், கன அளவு 40.7 கன செ.மீ., அந்த அளவு கடல்தண்ணியோட எடை 42 கிராமுக்குள்ள. பந்து 45.9 கிராம் வரைக்கும். நேரா அடியில போய் உட்காரும். உள்ளே ரப்பர், துத்தநாகக் கலவை. மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவும் கடல் தேசியப் பூங்கா, பவளப்பாறை இருக்கிற இடம். 40 மீட்டருக்கு மேல அடிக்கிறதுன்னா ஸ்பாஞ்ச் பந்து போதும்.

கரைவலை இழுக்கிற நேரம், கருவாடு காயப்போட்ட இடம், வலை விரிச்ச இடம் – பக்கத்துலயே போகாதீங்க. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும், மேல் மணலைத் தோண்டக் கூடாது. குழிக்கு 400 கிராம் பால் பவுடர் டப்பா போதும். 10 செ.மீ. வாய், நிஜக் குழி 10.8. சின்னதுல பழகினா நல்லதுதான். விளிம்பை மடக்கித் தட்டிட்டு, ஈர மணல்லயே புதைங்க, போகும்போது எடுத்துட்டுப் போங்க.

அயர்னை உப்பு தின்னும். குரோம் பூச்சு உரிஞ்ச இடத்துலயும், தலையும் ஷாஃப்டும் சேர்ற பிளாஸ்டிக் வளையத்துக்கு உள்ளேயும்தான் முதல்ல துரு பிடிக்கும். குடிதண்ணிக்கே குடத்தோட நிக்கிற ஊர்ல முழுசாக் கழுவச் சொன்னா திட்டு விழும். ஈரத்துணியால துடைச்சு, உலர்ந்த துணியால துடைச்சு, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவினா போதும். கைப்பிடியில எண்ணெய் படக் கூடாது. கோடுகள்ல சிக்கின மணலைப் பழைய பல்துலக்குற பிரஷ்ல எடுங்க.

#15 – மட்டையடி

ஒரு நாளைக்கு எத்தனை அடி? அதையும் சொல்லிடுங்க. இல்லைன்னா பசங்க கை வீங்குற வரைக்கும் அடிப்பாங்க.

#16 – ஒத்தக்கம்பு

இறுகின மணல் புல் மாதிரி விட்டுக் கொடுக்காது. முழு ஸ்விங் 30, அதுக்கு மேல வேண்டாம். சின்ன அடி, உருட்டல் எவ்வளவு வேணா. முழங்கை உள்பக்கம் வலிச்சா ஒரு வாரம் நிறுத்துங்க. ஆறு பேருக்கு ஒரே அயர்ன் இருந்தா தானா ஓய்வு கிடைச்சுடும், அது ஒரு வசதி.

#17 – வடகடல்

தேவிபட்டினத்துல நவபாஷாணத்துக்குத் தள்ளி, வடக்கே ஒரு இடத்துல குதிகால் சோதனை பண்ணிப் பார்த்தாச்சு, அரை விரல்தான் இறங்குது. பட்டை அகலம் ஆறு காலடி எடுத்து வைக்கிற அளவு. டப்பா மூணு ரெடி. ஆக்ஸா பிளேடு அங்குலத்துக்கு 24 பல்லா, 18 பல்லா?

#18 – ஒத்தக்கம்பு

ஷாஃப்ட் மெல்லிசுக் குழாய். 32 பல் கிடைச்சா அதுதான். இல்லைன்னா 24. அறுக்கிற இடத்துல டேப் சுத்திட்டு, அதுக்கு மேலயே அறுங்க.